பொருளாளரின் குறிப்பு, பதினேழாம் ஆண்டு

நான் எழுதுகிறவள் அல்ல,
ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்குகிறவள்.
டொலீடோவில், மௌமி ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
கார்களுக்குச் சைலன்சர் மாட்டிய பழைய பட்டறையை
எழுதுகிறவர்கள் ஆறு பேர் வாடகைக்கு எடுத்தபோது
கூட்டல் தெரிந்த ஆள் வேண்டுமென்று
ஹாலினா என்னை இழுத்து வந்தாள்.
சத்தத்தை அடக்கிய இடம்,
இனி அவிழ்த்துவிடும் என்றாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாத முன்பணம்
என் கையிலிருந்து போயிருந்தது.

முதல் வருட வரவு நானூற்றுப் பன்னிரண்டு டாலர்.
அதில் நாற்பது, யாரோ ஒருவர்
பட்டறைக்குத் தரவேண்டிய பழைய பாக்கி.
திருப்பிக் கொடுக்க ஆளைத் தேடினேன், கிடைக்கவில்லை.

வண்டிக்கு அடியில் இறங்கி நிற்கும் குழியைப்
பலகையால் மூடி மேலே மேசை போட்டோம்.
யாராவது நீளமாக வாசித்தால்
பலகை முனகும்.
ஹீட்டர் ஒரு பக்கம்தான் சுடும்.
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுவோம்.
அந்தக் குளிர்காலத்துக் கதைகளில்
ஆட்கள் காரணமே இல்லாமல் எழுந்து நடப்பது
அதனால்தான் என்று நினைக்கிறேன்.

சாவி ஒன்றே ஒன்று,
பின்கதவுச் செங்கல்லுக்கு அடியில்.
கண்ணாடி ஆலையில் இரவு ஷிப்ட் முடித்துக்
காலை ஏழுக்கு வரும் லெவோனுக்காக
இன்னொன்று வெட்டினோம்.
பிறகு நஜ்லாவுக்கு. பேக்கரியில் மாவு புளிக்கும் நேரம்தான்
அவளுக்கு எழுதும் நேரம்.
பிறகு ஜாமீனில் வந்த ஒருவனுக்கு:
கூட்டம் போட்டு, சண்டை போட்டு,
ஒரே ஓட்டு வித்தியாசத்தில்.
எதிர்த்துக் கை தூக்கியவள் நான்.
அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.
அவன் வந்துபோன வருடங்களில் தொலைந்தது
ஒரு கெட்டில். எடுத்தது
கல்லூரிப் பேராசிரியை.

ஆண்டறிக்கை வளர்ச்சியை ஆளில் எண்ணும்.
நான் சாவியில் எண்ணினேன்:
ஒன்று, மூன்று, ஒன்பது, முப்பத்துநாலு.
சாவி வெட்டும் கடைக்காரரே ஒரு செவ்வாய்க்கிழமை
அப்படி என்னதான் பூட்டு இது என்று பார்க்க வந்து
தன் விவாகரத்தை நாலு பக்கம் எழுதிவிட்டுப் போனார்.
அவருக்கு அவரே ஒன்று வெட்டிக்கொண்டார்.
காசு வாங்கவில்லை.

மானியப் படிவம் கேட்டது,
இவ்வாண்டு உருவாக்கிய எழுத்தாளர்கள் எத்தனை பேர்.
பூஜ்யம் என்று போடு, என்றாள் ஹாலினா,
கதவு திறந்திருந்தது, வந்தார்கள், அவ்வளவுதான்.
ஏற்கெனவே கணக்கு கையைக் கடிக்கிறது, என்றேன்.
இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.
நாற்பத்தேழு என்று போட்டு அனுப்பினேன்.
எங்கிருந்து வந்தது அந்த எண்ணென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
பணம் வந்தது. கூரை மாறியது.
மழை நாளில் வாளிச் சத்தம் இல்லாமல்
எழுத வரவில்லை என்று இரண்டு பேர்
எழுத்தில் புகார் கொடுத்தார்கள்.

இப்போது மூன்று மாடி. லிப்ட்.
சக்கர நாற்காலியில் வரும் பெத்தானி
யார் தோளையும் கேட்பதில்லை.
ஹீட்டர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுடுகிறது.
கதவுக்குச் சாவி கிடையாது. நாலு இலக்க எண்,
மாதம் ஒருமுறை மாறும்.
வேண்டாமென்று சொல்ல நான் யார்,
காசோலையில் கையெழுத்து என்னுடையது.

சென்ற வாரம் ஒரு உறை வந்தது.
ஹாலினாவின் மகன் க்ளீவ்லாந்திலிருந்து.
அம்மாவின் கோட்டுப் பையில் கிடந்ததாம்,
எந்தப் பூட்டுக்கு என்று தெரியவில்லையாம்.
பல்லிடுக்கில் இன்னும்
செங்கல் தூள்.

சொத்துப் பட்டியலில் கடைசி வரியாகச் சேர்த்தேன்.
ஜெராக்ஸ் இயந்திரம், இரண்டு. மடக்கு நாற்காலி, நூற்றுப்பத்து.
பித்தளைச் சாவி, ஒன்று.
தேய்மானம் கழித்து மதிப்பு?
அவள் இருந்தால் பூஜ்யம் என்பாள்.
நாற்பத்தேழு என்று போட்டேன்.

தணிக்கையாளர் அதன் பக்கத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.
வெள்ளிக்கிழமை மறுபடி வருவார்.